பெட்ரோல் இல்லாத கியூபா என்ன சாப்பிட்டது?

பெட்ரோல் விலை ஏறினால் நமக்கு முதலில் பைக் ஞாபகம்தான் வரும். சோறு ஞாபகம் வருவதில்லை. ஆனால் நம் தட்டிலும் கச்சா எண்ணெய் இருக்கிறது! உழுகிற டிராக்டருக்கு டீசல், யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு, மூட்டைகளைச் சுமந்து வர லாரி. இதெல்லாம் திடீரென்று பாதியாகக் குறைந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பார்க்கவே வேண்டாம், கியூபா அதை அனுபவித்தே பார்த்துவிட்டது.

1962-ல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்ட பிறகு கியூபாவுக்கு ஒரே பெரிய வாடிக்கையாளர் சோவியத் யூனியன். கியூபா சர்க்கரை கொடுக்கும், அதுவும் உலகச் சந்தையை விட நல்ல விலைக்கு. பதிலுக்கு சோவியத்திலிருந்து எண்ணெய், உரம், இயந்திரங்கள் வரும். நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போனது. மக்கள் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் இறக்குமதி. "எது லாபமாக விளைகிறதோ அதை விற்று, மற்றதை வாங்கிக்கொள்" என்று எங்கள் காமர்ஸ் வகுப்பில் படிக்கிறோமே, அதே கணக்குதான். ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அதற்கு முந்தைய வருடமே நிலைமை புரிந்து, பிடல் காஸ்ட்ரோ "சிறப்புக் காலகட்டம்" என்று அறிவித்திருந்தார். ஓரிரு வருடங்களில் எண்ணெய் வரத்து ஏறக்குறைய பாதியானது. டிராக்டர்கள் நின்றன. மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. ரேஷன் அட்டை இருந்தது, கடையில் பொருள் இல்லை. பெரியவர்கள் சராசரியாக 5 கிலோ எடை குறைந்தார்கள். சத்துக்குறைவால் பார்வை நரம்பும் கை கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் 50,000 பேருக்கு மேல்!

அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. டிராக்டருக்குப் பதில் உழவு மாடுகளைப் பழக்கினார்கள். சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் வந்தன. ஹவானா நகரத்தில் காலி மனைகளில் செங்கல்லோ பலகையோ வைத்து மேடைப் பாத்தி கட்டி, மட்கு உரமும் மண்புழு உரமும் நிரப்பி, கீரையும் காய்கறியும் போட்டார்கள். இந்தத் தோட்டங்களுக்கு "ஆர்கனோபோனிக்கோ" என்று பெயர். பூச்சிக்குப் புகையிலைக் கரைசல். விளைந்ததைத் தோட்டத்து வாசலிலேயே விற்றதால் லாரியே தேவைப்படவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 1993-ல் பெரிய அரசுப் பண்ணைகளை உடைத்துக் கூட்டுறவுகளிடம் கொடுத்தார்கள். 1994-ல் உழவர்கள் மிச்ச விளைச்சலைச் சொந்த விலைக்கு விற்கச் சந்தைகளைத் திறந்தார்கள். விதையும் மண்ணும் மட்டும் போதவில்லை, விற்கும் உரிமையும் வேண்டியிருந்தது.

இந்தக் கதையை இதோடு நிறுத்தி "பார்த்தீர்களா, கியூபா ஜெயித்துவிட்டது" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகரத் தோட்டம் கீரை கொடுத்தது, தக்காளி கொடுத்தது. அரிசி, கோதுமை, சமையல் எண்ணெய், பால் பவுடர்? அதெல்லாம் கப்பலில்தான் வந்தது. 2000-ல் வெனிசுவேலாவோடு ஒப்பந்தம் போட்டு மறுபடி மலிவு எண்ணெய் வந்ததும் அவசரம் குறைந்தது. கைவிட்ட நிலங்களில் மராபூ முள் மண்டியது (நம் ஊர் விடத்தேரை மரம்தான் அது!). சும்மா கிடக்கும் அரசு நிலத்தை உழவர்களுக்குக் கொடுக்க 2008-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2024-ல் குழந்தைகளுக்குப் பால் பவுடர் கேட்டு உலக உணவுத் திட்டத்தை அணுகியது அதே கியூபா. அந்த அக்டோபரில் நாடு முழுக்க மின்சாரமும் போனது.

ஆக, உள்ளூர் விவசாயம் உயிரைப் பிடித்து வைத்தது உண்மை. ஆனால் மாடு பழக்கவும், மண்ணைத் தேற்றவும், சந்தை அமைக்கவும் வருடங்கள் ஆகும். பசி அதுவரை காத்திருக்காது. கியூபா எல்லாவற்றையும் கப்பல் நின்ற பிறகுதான் தொடங்கியது, அதற்கு மக்கள் தங்கள் உடம்பால் விலை கொடுத்தார்கள். எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் காலத்திலேயே இதற்கெல்லாம் செலவு செய்தால், வரவு செலவுக் கணக்கில் நஷ்டம் மாதிரிதான் தெரியும். நான் அதை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று எழுதுவேன். நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?