பி.எச்.பி. மாத்தளைக்கு வந்த வழி

ரஸ்மஸ் லெர்டோர்ஃப் கிறீன்லாந்தில் பிறந்து டென்மார்க்கிலும் கனடாவிலும் வளர்ந்தவர். இணையத்தில் போட்டிருந்த தன் சுயவிபரக்கோவையை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய, 1994இல் சி மொழியில் சில சிறு கருவிகளை எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூன் 8ஆம் திகதி அவற்றை பி.எச்.பி. என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். புதிய மொழியொன்றைப் படைக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. அந்தக் குறை இன்றும் தெரியும்: சில செயற்கூறுகளின் பெயரில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. இஸ்ரேலின் டெக்னியனில் படித்துக்கொண்டிருந்த ஸீவ் சுராஸ்கியும் அண்டி குட்மன்ஸும் அடித்தளத்தைத் திருப்பி எழுதிய பிறகுதான், 1998இல், பி.எச்.பி. 3 என்ற உருப்படியான மொழி வெளிவந்தது.

ஒழுங்கு போதாதென்றாலும் ஊரெங்கும் பரவியது. எச்.டி.எம்.எல். பக்கத்தின் நடுவிலேயே நிரலை எழுதலாம். மலிவான வாடகைச் சேவையகத்தில் கோப்பை ஏற்றிவிட்டாலே வேலை செய்யும். ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகத் தொடங்கி, பதிலை அனுப்பியதும் நினைவகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு பக்கத்தில் விட்ட பிழை மற்றப் பக்கங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

2004ஐ பி.எச்.பி.யின் பெரிய ஆண்டு என்பேன். ஜாவாவில் ஓடித் திணறிக்கொண்டிருந்த ஃப்ரெண்ட்ஸ்டர் சமூகத் தளம் அந்த ஆண்டில் பி.எச்.பி.க்கு மாறியது. பெப்ரவரியில் ஹார்வர்ட் விடுதியில் பிறந்த பேஸ்புக் முதல் வரியிலிருந்தே பி.எச்.பி.தான். டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. இலங்கைத் தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளைக் கட்டத் தொடங்கினார்கள்: காணாமற்போனோர் பதிவேடு, முகாம் விபரம், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்ற பட்டியல். பிரிந்த உறவுகளைத் தேடிச் சேர்க்கும் சமூகத் தளம் என்றே அதைச் சொல்லலாம். பலர் ஒரே நேரத்தில் கைவைக்கும் அவசர வேலைக்கு, பலருக்கும் ஏற்கெனவே தெரிந்த, எந்தக் கணினியிலும் இலகுவில் நிறுவக்கூடிய மொழி பொருந்தும்; சஹானா பி.எச்.பி.யிலும் மை.எஸ்.கியூ.எல்.லிலும் எழுந்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. பின்னாளில் அதன் ஈடன் கிளை பைதனுக்குப் போனது.

பேஸ்புக்கால் அப்படிப் போக முடியவில்லை; எழுதிக் குவித்த நிரல் அவ்வளவு. 2010இல் பி.எச்.பி.யை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப்பை வெளியிட்டது, 2014இல் ஹேக் என்று தனிமொழியையே கிளைபிரித்தது. முதல் வாரத்து வசதிக்காக எடுத்த மொழிக்குப் பத்தாண்டு கழித்து வட்டி கட்டினார்கள். ஆனாலும் அந்த வட்டியைக் கட்டும் நிலைக்கு வளரும் தளங்கள் எத்தனை?

கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதை மாத்தளையோடு முடிகிறது. பி.எச்.பி.யோ பாடத்திட்டத்தின் வழியே இரத்தோட்டைப் பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுப்பவர்கள் நிரலாக்கத்தைப் பைதனில் பழகுகிறார்கள். தரவுத்தளத்தை இணையப் பக்கத்தோடு இணைக்கப் பி.எச்.பி. படிக்கிறார்கள். பழைய மாணவர் சங்கத்துக்கென்று அவர்களில் ஒருவர் தளம் கட்டப் புறப்பட்டால், உறுப்பினர் பக்கம், பதிவுகள், படங்கள் எல்லாவற்றுக்கும் கையிலுள்ள பி.எச்.பி.யே போதும் என்பேன். உடனுக்குடன் ஓடும் அரட்டைக்கு மட்டும், இணைப்பை விடாமல் பிடித்திருக்கும் வேறொன்று நல்லது. 2008இல் அரட்டை வசதி கொண்டுவந்தபோது பேஸ்புக்கே அந்தப் பகுதியை எர்லாங்கில்தான் எழுதியது.