எந்தப் பள்ளியில் சேத்துக்குவாங்க?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி மையம். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி, கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போகும் அவளுடைய அம்மா, கூடவே நாங்கள் இரண்டு பேர். ஒன்றிய அரசின் 'ஷ்ரேஷ்டா' நுழைவுத் தேர்வில் அந்தப் பெண் தேறியிருந்தாள். திரையில் உறைவிடப் பள்ளிகளின் பட்டியல் விரிந்தது. அதிலிருந்து விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, இதுல எந்தப் பள்ளிக்கூடத்துல நம்ம ஊட்டுப் புள்ளைங்கள சேத்துக்குவாங்க?"

எல்லாப் பள்ளியும் சேர்த்தே ஆக வேண்டும் அக்கா, பணத்தை அரசாங்கம் கட்டிவிடும் என்று சொன்னோம். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. நம்பாததற்கு அவரிடம் நூற்று முப்பது ஆண்டுக் காரணம் இருக்கிறது.

பள்ளியைத் தேர்வு செய்வது என்றால் மற்றவர் வீடுகளில் பெற்றோர் செய்கிற வேலை. நம் சேரிகளில் அதை ஊர்தான் செய்தது. யார் உள்ளே வரலாம், யார் திண்ணைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சக மாணவர்களோடு பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து காலம் கழித்திருக்கிறார். இடம் கிடைத்த பிறகும் அந்த நிலை. இடமே கிடைக்காத பிள்ளைகளின் கதையை எழுத ஆளில்லை.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் நிலத்தோடு கல்வியும் பேசப்பட்டது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. அடுத்த ஆண்டே ஆல்காட் தன் முதல் பள்ளியைத் திறந்தார். இவையெல்லாம் தனிப்பள்ளிகள். பொதுப்பள்ளிக் கதவு அப்படியே சாத்தியிருந்தது. பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடந்தன. அந்தத் தெருவிலேயே கால் வைக்கக் கூடாதவன் வகுப்புக்கு எப்படிப் போவான்? பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளிலேயே பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பதை 1919இல் சென்னை அரசே ஒப்புக்கொண்டு, பள்ளிகளை அவர்களும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி ஆணையிட்டது. ஆணை சென்னையில் இருந்தது, பள்ளி ஊரில் இருந்தது.

பிறகு தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பள்ளிகளைத் திறந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அதுதான். அவற்றைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு மனம் உண்டு. ஊர் விரட்டியபோது எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவை அவை. அவற்றைக் காட்டியே "உங்களுக்குத்தான் தனியா இருக்கே" என்று பொதுப்பள்ளியில் கதவடைத்ததும் நடந்தது.

ஊரின் கையிலிருந்து முடிவைப் பிடுங்கியது எது என்று யோசித்தால், எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லூரிச் சேர்க்கைதான். 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் படிப்புக்கு ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. மதிப்பெண், இனச்சுழற்சி, காலியிடம் என்று கணக்கு பேசியது. "அப்பா என்ன பண்றார், எந்தத் தெரு?" என்று கேட்கும் அறைக்குள் போகாமலே இடம் கிடைத்தது. எங்கள் பகுதியின் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் அந்த வரிசையில் நின்று வந்தவர்கள்.

நியூயார்க் நகரம் இதை உயர்நிலைப் பள்ளிகளுக்கே செய்து பார்த்தது. பழைய முறையில் மாணவர் ஐந்து பள்ளிகளைத்தான் கேட்கலாம். ஆண்டுதோறும் சுமார் முப்பதாயிரம் பேர் கேட்காத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பொருளியலாளர் ஆல்வின் ராத் உள்ளிட்டோர் வடிவமைத்த புதிய முறை 2003இல் வந்தது. பன்னிரண்டு பள்ளிகள்வரை எழுதலாம். எட்டாத பள்ளியை முதலில் எழுதியதற்காக அடுத்த இடம் பறிபோகாது. கேட்காத இடத்துக்குப் போனவர் எண்ணிக்கை சுமார் மூவாயிரமாகக் குறைந்தது. ஆனால் கணக்கு இடத்தைப் பங்கிடும், நல்ல பள்ளியைக் கட்டாது. கறுப்பினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகள் பல அப்படியே இருந்தன.

ஷ்ரேஷ்டாவுக்கு வருவோம். 2022இல் தொடங்கிய திட்டம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளில் தனியார் உறைவிடப் பள்ளி இடம், கட்டணத்தோடு விடுதியும். நல்லதுதான். ஆனால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் இடம். தமிழ்நாட்டில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் நாம் 1.44 கோடிப் பேர். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தமிழ் வழியில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளை கேள்வித்தாளிலேயே நின்றுவிடும். எங்களோடு வந்த பெண் ஆங்கில வழியில் படித்தவள். அதற்காக அம்மா வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் கணக்கே வேறு. கல்வராயன் மலையில் 1976வரை ஜாகீர்தார் ஆட்சி. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஷ்ரேஷ்டா கிடையாது, அது பட்டியல் சாதிக்கு மட்டும். அவர்களுக்கு வெள்ளிமலை ஏகலைவா பள்ளியும், அதன் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருப்போருக்கே முன்னுரிமை. மலைக் கிராமங்களில் ஒரு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2024 சூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு உயர்நீதிமன்றம் இந்த மலையைப் பற்றித் தானாக வழக்கெடுத்தது. அதில்தான் பள்ளிப் பெயர்ப் பலகையில் 'பழங்குடியினர்' என்று ஏன் இருக்க வேண்டும், 'அரசுப் பள்ளி' என்றால் போதாதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கும் ஓராண்டு முன்பு, 2023 பட்ஜெட்டில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பதாக அறிவித்தார்கள். நம் தலைவர்களில் சிலர் எதிர்த்தார்கள், சிலர் வரவேற்றார்கள். எங்கள் கருத்து: பலகையை மாற்றுங்கள், துறையை மாற்றுங்கள், முதலில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்புங்கள். மூவாயிரம் பேரைத் தூக்கிக் கரையேற்றும் திட்டம், மிச்சப் பேர் படிக்கும் பள்ளியை மறக்க ஒரு சாக்காகிவிடக் கூடாது.

கணினி மையத்தில் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மாவுக்குப் பக்கத்துப் பள்ளி முதலில் வர வேண்டும். ராத்திரியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் பஸ் ஏறிப் போய்விடலாம். மகளுக்கு வெளி மாநிலத்துப் பள்ளி ஒன்றின் ஆய்வகப் படம் பிடித்துப் போயிருந்தது. நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பள்ளியை முதலிலும், அம்மாவின் பள்ளியை இரண்டாவதாகவும் அவளே எழுதினாள். படிவத்தை அனுப்புவதற்கு முன் அம்மா மறுபடி கேட்டார், "அங்க எல்லாரும் ஒண்ணாதான உக்காந்து சாப்புடுவாங்க?"