8 வயதா, 14 வயதா?

பிங்கன் நகரத்துப் புனித ஹில்டெகார்டின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியில்தான் தொடங்குகிறார்கள். 8 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெற்றோர் டிசிபோடன்பெர்க் மடத்துக்கு அழைத்துப்போகிறார்கள். யூட்டா என்ற பெண் துறவியோடு ஓர் அறைக்குள் வைத்து வாசலை அடைக்கிறார்கள். நெஞ்சை உலுக்கும் காட்சி. நடந்தது அதுதானா என்று சரிபார்க்கப் புகுந்தால், ஹில்டெகார்டை உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கே வேறு விடை கிடைக்கிறது.

8 வயது என்ற செய்தி ஹில்டெகார்டின் புனித வரலாற்றிலிருந்து வருகிறது. காட்ஃப்ரீட் என்ற துறவி எழுதத் தொடங்கி இறந்துபோக, எக்டெர்னாக் மடத்துத் தியோடெரிக் 1180களில் அதை முடித்தார். தியோடெரிக் ஹில்டெகார்டோடு பழகியவர் அல்லர். ஆனாலும் நூலைத் தள்ளிவிட முடியாது. ஹில்டெகார்டே சொல்லி எழுதப்பட்ட தன்வரலாற்றுப் பகுதிகள் அதற்குள் இருக்கின்றன. 8ஆம் வயதில் கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டதை அவரே அங்கே குறிப்பிடுகிறார்.

பிறந்த ஆண்டைக் கணக்கிட அவருடைய 'ஸ்கிவியாஸ்' நூலின் முன்னுரை உதவுகிறது. 1141இல் தமக்கு வயது 42 ஆண்டு 7 மாதம் என்கிறார். ஆகவே பிறப்பு 1098இன் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. 1098 என்றே வைத்துக்கொண்டால், 8 வயது நிறைவது 1106இல்.

இங்கேதான் முதல் இடறல். நாஹே ஆறும் கிளான் ஆறும் கூடும் இடத்துக்கு மேலே, குன்றின்மீது இடிபாடுகளாகக் கிடக்கும் டிசிபோடன்பெர்க் என்ற பெனடிக்ட் சபை மடத்தின் கட்டுமானம் தொடங்கியதே 1108இல்தான். பெருங்கோயில் அருட்பொழிவு பெற்றது 1143இல். 1106இல் அந்த மடத்துச் சுவரை ஒட்டி ஓர் அறை இருந்திருக்க வழியில்லை.

அடுத்த தடயம் டிசிபோடன்பெர்க் ஆண்டுக்குறிப்பு. மடத்தார் ஆண்டுவாரியாக எழுதிவந்த நிகழ்ச்சிப் பதிவு. 1136ஆம் ஆண்டின்கீழ் யூட்டாவின் மரணம் பதிவாகியிருக்கிறது. ஜனவரிக் கலண்டுக்கு 11ஆம் நாள் என்கிறது குறிப்பு. கலண்டு என்பது ரோமர் கணக்கில் மாதத்தின் முதல் நாள். அதையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 22 வரும். 24 ஆண்டுகள் அடைபட்டு வாழ்ந்தார் என்றும், அடைபட்ட நாள் நவம்பர் 1, அதாவது அனைத்துப் புனிதர் திருநாள் என்றும், உடன் ஹில்டெகார்ட் இருந்தார் என்றும் அதே பதிவு சொல்கிறது. 1136இல் 24ஐக் கழித்தால் 1112. அன்று ஹில்டெகார்டுக்கு ஏறத்தாழ 14 வயது.

ஒற்றைச் சாட்சியை நம்பி ஒரு மரபை மறுப்பது அவசரம். எழுதியவர் கூட்டலில் பிசகியிருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்த்தது 1992இல் ஃப்ரான்ஸ் ஷ்டாப் பதிப்பித்து வெளியிட்ட ஒரு லத்தீன் நூல்: யூட்டாவின் தனி வாழ்க்கை வரலாறு. அதுவும் 1112 நவம்பர் 1 என்றே சொல்கிறது.

அந்த நூலில் நாளைவிட மனிதர்கள்தாம் முக்கியம். யூட்டா ஷ்போன்ஹைம் பிரபுவின் மகள், 1092இல் பிறந்தவர். 12 வயதில் கடும் நோய் வந்து, பிழைத்தால் துறவு என்று நேர்ந்துகொண்டார். சொந்தக்காரர்கள் விரும்பாதபோதும் மைன்ஸ் பேராயர் ருட்ஹார்டிடம் துறவுடை பெற்றார். ஊடா என்ற கைம்பெண்ணிடம் 3 ஆண்டுகள் பயின்றார். யாத்திரை போய்விட வேண்டும் என்று துடித்தவரைத் தடுத்து, டிசிபோடன்பெர்க்கில் நிலைகொள்ளச் செய்தவர் அண்ணன் மெய்ன்ஹார்ட்.

அப்படியானால் 1106 முதல் 1112 வரை ஹில்டெகார்ட் எங்கே இருந்தார்? நேரடியாகச் சொல்லும் ஆவணம் இல்லை. ஆனால் ஊடாவிடம் யூட்டா பயின்ற காலம் இந்த இடைவெளிக்குள் நன்றாகப் பொருந்துகிறது. 8 வயதுப் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது அந்த வீட்டில் என்றால் இரு வரலாறுகளும் மோதவேண்டியதே இல்லை: அர்ப்பணிப்பு 8 வயதில், அடைப்பு 14 வயதில். ஊகம்தான்; ஆனால் எந்தச் சான்றையும் வளைக்காத ஊகம். இதை ஏற்றால், பெயரளவில் மட்டும் எஞ்சியிருக்கும் ஊடா ஹில்டெகார்டின் முதல் ஆசிரியர்களில் ஒருவராகிறார். குருவாகச் சொல்லப்படும் யூட்டாவோ அப்போது 14 வயதுப் பெண். பிள்ளைக்கு அக்கா போன்றவர்.

இன்னொரு சிறு சான்று. ஹில்டெகார்டுக்குத் துறவு முக்காடு அளித்தவர் பாம்பெர்க் ஆயர் ஓட்டோ. மைன்ஸ் பேராயரின் எல்லைக்குள் பாம்பெர்க் ஆயருக்கு என்ன வேலை? பேராயர் அடல்பர்ட்டை 1112இல் பேரரசர் ஐந்தாம் ஹென்றி சிறையில் அடைத்திருந்தார். 1115 வரை அவர் வெளியே வரவில்லை. காலம் இங்கேயும் இசைகிறது.

யூட்டா ஹில்டெகார்டுக்குத் திருப்பாடல்களைக் கற்றுக்கொடுத்தார். சிறுமியின் அகக்காட்சிகளைக் கவனித்து, தமக்குத் தெரிந்த துறவி ஒருவரிடம் சொன்னவரும் அவரே. அத்துறவி, பின்னாளில் ஹில்டெகார்டின் எழுத்துத் துணையாக 1173 வரை உழைத்த ஃபோல்மார் என்று கருதப்படுகிறது. யூட்டாவின் தவமோ உடலை உருக்குவது. அவர் இறந்தபின் உடலைக் கழுவியவர்கள் ஆடைக்கடியில் இரும்புச் சங்கிலியைக் கண்டார்கள். அது உடலைச் சுற்றி 3 தடங்களை அறுத்திருந்தது. கழுவியவர்களில் ஹில்டெகார்டும் ஒருவர்.

யூட்டாவுக்கு அடுத்து அங்கிருந்த பெண் துறவியரின் தலைமைக்கு வந்தவர் அவர். தவத்தில் மிதம் வேண்டும் என்று மற்றவர்களுக்கு எழுதினார். ஆண்டர்னாக் மடத்துத் தலைவி டெங்ஸ்விச் அனுப்பிய கடிதம் வேறொரு காட்சியைத் தருகிறது: திருநாள்களில் ஹில்டெகார்டின் கன்னியர் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெண்பட்டு முக்காடும் பொன் மோதிரமும் அணிந்து பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கடிந்துகொள்கிறார். ஹில்டெகார்ட் மறுக்கவில்லை, கன்னியருக்கு அது தகும் என்று வாதாடினார். சங்கிலிக்கும் பட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம், யூட்டாவிடமிருந்து அவர் எதை ஏற்றார், எதை விட்டார் என்பதன் அளவு. விட்டதும் செல்வாக்கின் ஒரு வகைதான் என்றே நான் கொள்கிறேன்.

அதனால் அவர் யூட்டாவை மறைத்தார் என்று சொல்லிவிட முடியாது. சங்கிலித் தடங்களை நேரில் கண்டவர்கள் உடலைக் கழுவிய அந்தச் சில பெண்களே. யூட்டாவின் வரலாற்றை எழுதியவருக்கு அச்செய்தி அவர்களில் ஒருவரிடமிருந்துதான் போயிருக்கவேண்டும். நூலை எழுதச் செய்தவர் ஹில்டெகார்ட் என்றும், எழுதியவர் ஃபோல்மாராக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர் சொல்லும் கையெழுத்து எதுவும் இல்லாததால் ஃபோல்மார் பற்றி நான் உறுதி சொல்லமாட்டேன். ஹில்டெகார்ட் சொல்லித்தான் தடங்கள் ஏட்டில் ஏறின என்பதை மட்டும் நம்புகிறேன்.