அருளும் நற்செயலும்: பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை

பிரிக்பீல்ட்ஸில் 1924-இல் எழுந்த லுத்தரன் சீயோன் ஆலயமும், கிள்ளானில் 1928-இல் எழுந்த கத்தோலிக்க லூர்து மாதா ஆலயமும் ஒரு பழைய வழக்கின் இரு கரைகள். மனிதர் மீட்படைவது இறையருளாலா, நற்செயலாலா என்பதே அவ்வழக்கு. 16-ஆம் நூற்றாண்டில் செருமனியில் லூதர் எழுப்பிய அவ்வினா, 18-ஆம் நூற்றாண்டில் தமிழகம் வந்தது. தரங்கம்பாடி லுத்தரன் போதகரை மறுத்து வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதினார். பின்னர் மலாயா வந்த தமிழரோடு அப்பிளவும் கடல் கடந்தது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு சபையாரும் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர்: இறைவன் நம்மை ஏற்பது அருளாலேயே, நற்செயல் அவ்வருளின் கனி. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தனர். வேறுபாடுகள் சில எஞ்சினும், பழைய கண்டனங்கள் நீங்கின.

இன்றும் ஒருவர் ‘கிருபை’ என்கிறார். மற்றவர் ‘அருள்’ என்கிறார். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே என்பதை நாம் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.