அழுக்கே படாத புத்தகங்கள்

பழைய புத்தகங்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் சார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று ஒரு திருட்டுக் கதை. கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் கெட்டி அட்டைப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குவதும், ஒரே புத்தகம் இரண்டு சேர்ந்துவிட்டால் ஒன்றை விற்றுவிடுவதும் உங்களில் பலருக்குத் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான். ஆனாலும் காலிகோ பைண்டிங் தளராமல், ராமபாணம் துளைக்காமல், முதல் தாளில் யார் பெயரும் எழுதப்படாமல் இருக்கும் பிரதிக்கு ஒரு விலை, அடிபட்ட பிரதிக்கு வேறு விலை. மேலே சுற்றியிருக்கும் காகித உறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தூசி படாமல் இருக்கப் போட்டது அது. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் கசக்கி எறிந்தார்கள். 1925இல் வந்த 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலின் முதல் பதிப்பு இன்று உறை இல்லாமல் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். நல்ல உறையோடு இருந்த பிரதி ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. ஒரு காகிதத்துக்கு!

சுத்தத்துக்கு இத்தனை விலை என்றால் அதைச் செயற்கையாகத் தயாரிக்கவும் ஆள் வருவார்கள் அல்லவா? வந்தார். அவர் பெயர் தாமஸ் ஜேம்ஸ் வைஸ்.

1859இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் வாசனைத் தைல வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக வசதிக்கு வந்தார். சிறு வயதிலிருந்தே புத்தகப் பைத்தியம். குடியிருந்த தெருவின் பெயரால் தன் சேகரிப்புக்கு ஆஷ்லி நூலகம் என்று பெயர் வைத்தார். எந்தக் கவிஞரின் எந்த நூல் எந்த ஆண்டில் எப்படி அச்சானது என்று கேட்டால் இங்கிலாந்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. நூல்விவரச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவ எம்.ஏ. பட்டம் கொடுத்தது. அமெரிக்கப் பணக்காரர்கள் அவரை நம்பி அவர் மூலமாகவே புத்தகம் வாங்கினார்கள்.

அவரைச் சுற்றி அடிக்கடி பேசப்பட்ட ஒரு சிறு நூல் உண்டு. கவிஞர் எலிசபெத் பாரெட் பிரவுனிங் தன் கணவர் ராபர்ட் பிரவுனிங் மீதுள்ள காதலை எழுதிய பதினான்கு வரிக் கவிதைகள். 1850இல் அவருடைய கவிதைத் தொகுப்பில்தான் இவை முதலில் அச்சேறின என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இல்லை, 1847இலேயே ரெடிங் ஊரில் நண்பர்களுக்காக மட்டும் தனியாக அச்சிட்டார்கள் என்று ஒரு மெல்லிய நூல் வெளியே வந்தது. சேகரிப்பாளர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். பலர் அதற்கு உயர்ந்த தோலில் கெட்டி அட்டை போட்டு அலமாரியில் வைத்தார்கள். இதே மாதிரி டென்னிசன், ரஸ்கின், ஸ்வின்பர்ன் என்று பலருடைய "முதல் பதிப்பு"களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாவற்றையும் பற்றிச் சான்று சொன்னவர் வைஸ்தான். அவர் எழுதிய நூற்பட்டியலில் இருக்கிறதா, அப்படியானால் அசல்!

முப்பது வயதை ஒட்டிய இரண்டு புத்தக வியாபாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்ட். அவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நண்பர்களுக்குக் கொடுக்க அச்சிட்ட நூல் என்கிறார்கள், அப்படியானால் ஒரு பிரதியிலாவது அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டு யாருக்காவது கொடுத்திருக்க மாட்டாரா? ஒரு நண்பர் பெயராவது, ஒரு மடிப்பாவது, ஒரு கறையாவது இருக்க வேண்டாமா? வந்த பிரதிகள் எல்லாம் நேற்று அச்சடித்தது மாதிரி இருந்தன. 1880களுக்கு முன் இவற்றை யாரும் பார்த்ததாகவும் பேச்சில்லை. நம் ஊரில் சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் பொறிக்காமல் விடுவார்களா? அது போலத்தான்.

அடுத்தது காகிதம். உங்களுக்கு அறிவியல் வகுப்பில் சொல்லியிருப்பேன். பழைய காகிதம் கந்தல் துணியில் செய்தது. இங்கிலாந்தில் எஸ்பார்ட்டோ என்ற புல்லைக் கலந்து காகிதம் செய்வது 1861இல்தான் வந்தது. ரசாயன முறையில் மரக்கூழ் கலப்பது 1874க்குப் பிறகு. நம் வீட்டுப் பழைய புத்தகங்கள் பழுப்பேறி, தொட்டால் அப்பளம் போல நொறுங்குகிறதே, அதெல்லாம் மரக்கூழ் செய்யும் வேலை. கார்ட்டரும் போலார்டும் அந்த நூல்களின் காகிதத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கச் செய்தார்கள். "1847" என்று போட்டிருந்த நூலில் இருந்தது ரசாயன மரக்கூழ். எழுத்தச்சும் காட்டிக்கொடுத்தது. ஆங்கில 'எஃப்', 'ஜே' எழுத்துகளின் நுனி அச்சுக்கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், அடிக்கடி உடையும். உடையாதபடி நுனியை உள்ளடக்கிச் செய்த புது எழுத்தை ரிச்சர்ட் கிளே அச்சகம் 1880க்குப் பிறகுதான் பயன்படுத்தியது. அதே எழுத்து இந்த நூலிலும். இலக்கியச் சங்கங்களுக்காகப் பழைய நூல்களை மறுஅச்சுச் செய்ய வைஸ் போய்வந்ததும் அதே அச்சகத்துக்குத்தான்.

1934 ஜூலையில் அவர்கள் புத்தகம் வெளிவந்தது. "வைஸ்தான் செய்தார்" என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. ஆதாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் வைஸிடம் அலுவலகப் பையனாக இருந்து பிறகு புத்தக வியாபாரியான ஹெர்பர்ட் கார்ஃபின், அந்த நூல்களின் மிச்சக் கட்டுகளை வைஸே தனக்கு விற்றதாகச் சொல்லிவிட்டார். வைஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதெல்லாம் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மனிடமிருந்து வந்தவை என்றார். ஃபோர்மன் 1917இலேயே காலமாகிவிட்டார். செத்தவர் மேல் பழி போட்டாரே என்று எல்லோரும் திட்டினார்கள். ஃபோர்மன் உண்மையிலேயே கூட்டாளிதான் என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. 1937இல் வைஸும் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவியிடமிருந்து ஆஷ்லி நூலகத்தை 66,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை போலி நூலைவிடப் பெரிய பாவம் பிறகுதான் வெளியானது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களின் பழைய பதிப்புகளில் தாள் குறைந்த பிரதிகள் நிறைய உண்டு. குறையுள்ள பிரதிக்கு மதிப்புக் குறைவு. 1950களில் டேவிட் ஃபாக்ஸன் என்பவர், வைஸின் பிரதிகளை மியூசியத்தின் சொந்தப் பிரதிகளோடு ஒப்பிட்டார். மியூசியத்தின் பிரதிகளில் 200க்கும் மேற்பட்ட தாள்கள் காணவில்லை. அவற்றில் பல, வைஸின் "முழுமையான" பிரதிகளுக்குள் இருந்தன! தையல் துளையும், பூச்சி அரித்த துளையும், கறையும் இந்தப் புத்தகத்தில் விட்டு அந்தப் புத்தகத்தில் தொடர்ந்தன. பொது நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர் போலத் தாளை எடுத்து, தன் பிரதியில் சேர்த்து, அழகான தோல் அட்டை போட்டுவிட்டார். இன்னும் சில தாள்கள், அவரை நம்பி வாங்கிய சிகாகோ செல்வந்தர் ஜான் ஹென்றி ரென்னின் பிரதிகளில் கிடைத்தன. அந்தச் சேகரிப்பு அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தது. மியூசியம் தன் வீட்டுத் தாளையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. பள்ளி நூலகத்துக்கு மூன்று வருடம் பொறுப்பாக இருந்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போலி நூலில் பணக்காரர் பணம் போனது. இங்கே இனி வரும் வாசகனுடைய பக்கம் போய்விட்டது.

இதை இப்போது எழுத ஒரு காரணமும் உண்டு. பழைய புத்தகம் விற்கும் என் மாணவர் ஒருவர் போனில் கேட்டார், "சார், பெயரும் நூலக முத்திரையும் இருக்கிற முதல் தாளை பிளேடால் எடுத்துட்டா புதுசு மாதிரி இருக்கும், நல்ல விலை போகும். யாருக்குத் தெரியப்போவுது?" தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். அந்த முத்திரை அந்தப் புத்தகம் வந்த வழி. கழித்துவிட்ட முத்திரையும் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லாவிட்டால் அது எந்த நூலகத்துடையதோ அங்கே கொண்டுபோய்க் கொடு.

கார்ட்டர் பின்னாளில், 1952இல், பழைய புத்தக வியாபாரத்தின் சொற்களுக்கு ஓர் அகராதியே எழுதினார். 'சொஃபிஸ்டிகேட்டட்' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் தொழிலில் அதற்கு அர்த்தம் "சரிக்கட்டப்பட்ட பிரதி". ஒரு பிரதியின் உறையை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டால் 'கல்யாணம்' ஆனது என்பார்கள்! வைஸின் போலி நூல்களை இப்போது போலி என்று தெரிந்தே தேடி வாங்கிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மனிதனின் சேகரிக்கும் ஆசைக்கு அளவேது.

நான் விற்கும் புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன். எந்தப் பக்கத்தில் கறை, எங்கே பெயர், பைண்டிங் மாற்றியதா என்று எல்லாம் அதில் இருக்கும். இப்போது கையில் சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று சுத்தமானது. இன்னொன்றில் நீல மையில் ஒரு மாணவியின் பெயரும் வகுப்பும், உள்ளே மயிலிறகு ஒன்றும் இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதி விலை. மயிலிறகை எடுக்கவில்லை, புத்தகத்தோடு வரும். வேண்டுபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.