மலையிறங்கிய மக்கள்

மன்னாரிலே தொடங்கி, வன்னிக் காட்டை ஊடறுத்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடையும் பாதையொன்று முற்காலத்தில் இருந்தது. ஏறக்குறைய 150 மைல் நீளமான அப்பாதையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த ஏழை உழவர்கள் கால்நடையாகவே மலைநாட்டை நோக்கிச் சென்றனர். நீரின்றியும், வாந்திபேதியாலும், காட்டுக் காய்ச்சலாலும் வழியிலே மாண்டோர் பல்லாயிரவர். எஞ்சியோர் மலையேறிக் கோப்பி நட்டனர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களில் ஒரு சாரார், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் அதே வன்னியை நோக்கி மலையிறங்கினர். முன்னோர் பிழைப்பைத் தேடி ஏறிய வழியில் பேரர்கள் உயிரைக் காத்துக்கொள்ள இறங்க நேர்ந்த கதையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

போரினாலோ கலகத்தினாலோ இடம் பெயர்ந்த மக்களுக்கு இருவகைத் தேவைகள் உண்டு. சோறு, தண்ணீர், மருந்து, கூரை ஆகியவை முதல்வகை. தாம் இந்நாட்டவர் என்னும் அத்தாட்சி, வாக்குரிமை, நிற்பதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் ஆகியவை இரண்டாம் வகை. முதலாவது அவசரம், இரண்டாவது ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளத் தக்கது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். மலைநாட்டு மக்களின் வரலாறோ வேறொன்றைக் கற்பிக்கின்றது. இரண்டாவது தேவை நிறைவேறாத இடத்தில் முதலாவது தேவை மீண்டும் மீண்டும் தலைதூக்கும் என்பதே அப்பாடம்.

சற்று முன்னோக்கிச் செல்வோம். தோட்டத்திலே லயத்துக் காம்பராவும் அரிசியும் தோட்ட நிருவாகத்தின் மூலமே கிடைத்தன. கூலியும் கடனும் பெரிய கங்காணியின் கையில் இருந்தன. கடனைக் குறித்த துண்டுச் சீட்டோடு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறிய முறையைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உணவும் உறையுளும் பிறர் தயவிற் கிடைத்தனவேயன்றி உரிமையாகக் கிடைக்கவில்லை. 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளரிலும் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்றனர். 1939ஆம் ஆண்டு பண்டித ஜவாஹர்லால் நேரு இங்கு வருகை தந்த வேளையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. மறு ஆண்டு தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு அங்கத்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் நுவரெலியாத் தொகுதியிலிருந்து சென்றவர்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தம் தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இத்தீவிற் பிறந்தவர்கள் என்று நிரூபிப்பவரே பரம்பரைப் பிரஜையாவர் என்று அது விதித்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனாரின் பிறப்பைப் பதிந்து வைத்தவர் யார்? 1949ஆம் ஆண்டு வந்த இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோர் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறக்குறைய 1,34,000 பேரே இறுதியிற் பிரஜைகளாக ஏற்கப்பட்டனர். தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டமக்கள் தம்மவர் ஒருவரையேனும் தெரிவுசெய்ய இயலாதவராயினர். 1946ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 11.7 பேராயிருந்த ஒரு சமூகத்துக்கு நேர்ந்த நிலை இது.

பின்னர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அவர்களும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் உடன்பாடு செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அம்மிச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்ட மக்களை ஒருவரும் கலந்தாலோசிக்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு. ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சியின் ஓரத்தில் நின்று அழுதவர்களை அறிந்தோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

வாக்கில்லாத மக்களின் வயிறு எப்படியிருந்தது என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் உணவுப் பொருள்களின் விலை ஏறியது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தவருக்குச் சிறிது நிலமாவது இருந்தது. லயத்தாருக்கோ கீரை நடவும் சொந்த மண் இல்லை. தோட்டங்களில் மரண விகிதம் திடீரென உயர்ந்தது. வேலையும் உணவுமின்றிப் பட்டணத்துத் தெருக்களில் அலைந்த தோட்டக் குடும்பங்களை அக்காலத்தில் பலரும் கண்டனர். அதே காலப்பகுதியில், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. தோட்டக் காணிகள் பிரித்தளிக்கப்பட்டபோது தொழிலாளர் பலர் இடம் இழந்தனர். 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்தில் அதனை எதிர்த்து நின்றோர்மீது பொலிசார் சுட்டபோது சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் மாண்டார்.

அவ்வாண்டுத் தேர்தலுக்குப் பின் ஆகஸ்டு மாதத்தில் கலவரம் வெடித்தது. லயங்கள் தாக்கப்பட்டன. 1981ஆம் ஆண்டு இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலும், 1983ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டின் பல பாகங்களிலும் அக்கொடுமை திரும்பியது. நுவரெலியாவிலும் பதுளையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் குடும்பங்கள், இனி மலையில் இருக்க முடியாதென்று வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்றன.

அந்த ஜூலையில் நான் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வாழ்ந்த சிறுவன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராக் குடும்பம் விடியுமுன்னர் ஒரு லொறியில் ஏறியது. அரிசிப் பானையையும், இரண்டு கம்பளிகளையும், சுவாமி படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிறப்புப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டி பின்னே தங்கிவிட்டது. அன்றைய நிலையில் அரிசியே பெரிதாகப் பட்டது. அவர்களைக் குறை கூறுவார் யார்? இருபத்தாறு ஆண்டுகள் சென்றபின் அந்தப் பெட்டியின் அருமை அவர்களுக்கு விளங்கியது. அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

வன்னிக்கு வந்தோரை ஆதரிக்க முன்வந்தவர்களுள் காந்தீயம் என்னும் இயக்கத்தார் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள். கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட் அவர்களும் மருத்துவர் இராஜசுந்தரம் அவர்களும் அதனை வழிநடத்தினர். காடு வெட்டினர், கிணறு தோண்டினர், பாலர் பள்ளி அமைத்தனர், பிள்ளைகளுக்குப் பால் வழங்கினர். ஆனால் குடியேறிய நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. பெரும்பாலாருக்குப் பிரஜாவுரிமையும் இல்லை. 1983ஆம் ஆண்டில் இயக்கத் தலைவர் இருவரும் கைது செய்யப்பட்டனர். இராஜசுந்தரம் அவர்கள் ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையினுள் கொலையுண்டார். மறு ஆண்டு, கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகிய இடங்களிற் குடியேறியிருந்த மலைநாட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவ்விடங்களில் சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியமர்த்தப்பட்டனர். நவம்பர் இறுதியில் அவர்களையும் விடுதலைப் புலிகள் தாக்கிக் கொன்றனர். ஒரே மண்ணில் ஓராண்டுக்குள் இரு சாரார் ஏழைகளும் அழிவைக் கண்டனர்.

இவ்வாறு போர்க்களத்தின் நடுவிலே ஒரு மலைநாட்டுச் சமூகம் உருவாயிற்று. கிளிநொச்சி மாவட்டத்தில் தர்மபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம், ஜெயபுரம் ஆகிய ஊர்களிற் பெருந்தொகையாக வாழ்ந்தோர் இவர்களே. காணி உரித்தில்லாத கூலிகளாகவே பெரும்பாலார் காலங்கழித்தனர். 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009ஆம் ஆண்டு தொடக்கமாதங்களில், புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைக் குழுவினர் கப்பல் மூலம் ஏற்றிச் சென்றனர். மே மாதம் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே மெனிக் பாம் மூடப்பட்டது. முகாமிலே சோறும் தண்ணீரும் வழங்கப்பட்டன. வெளியேறும் நாளிலோ, எந்த ஊர், எந்தக் காணி, எங்கே பத்திரம் என்ற வினாக்கள் எழுந்தன. மற்றவர்களுக்கே கடினமான அவ்வினாக்களுக்கு, மலையிலிருந்து வந்தவர்கள் மூன்று தலைமுறைக்கு முந்திய கதையை விடையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

போர் தொடங்கியதும் இன்னொரு வாயிலும் அடைபட்டது. 1984ஆம் ஆண்டு தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தோர் பலர் தோட்டத்திலேயே தங்கிவிட்டனர். எந்த நாட்டுக்கும் உரியவராகாது தங்கியோருக்கென 1986, 1988ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் வந்தன. முடிவாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்த்தானிகர் அலுவலகத்தின் துணையோடு, பத்தே நாட்களில் ஏறக்குறைய 1,90,000 பேர் பிரஜைகளாகப் பதிவு பெற்றனர். அரை நூற்றாண்டு இழுபட்ட காரியம் பத்து நாட்களில் முடிந்தது. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும் போருக்கஞ்சித் தமிழகத்துக்குச் சென்றோர் ‘நிரந்தரமாக வசித்துவந்தோர்’ என்னும் சொல்லினால் விடுபட்டனர். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களையும் நினைவிற் கொண்டது. ஆயினும் அங்குள்ள முகாம்களில் மலைநாட்டு வம்சாவளியினர் பலர் நாட்டுரிமைக்காகக் காத்திருக்கின்றனர். 2019ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுள் 65 பேரின் வேண்டுகோளைக் கவனிக்குமாறு இந்திய அரசைப் பணித்தது.

உலக வரலாற்றிலும் இதற்கு ஓர் ஒப்பு உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின் ரஷ்ய நாட்டிற் பஞ்சம் நேர்ந்தபோது, நோர்வே நாட்டவரான பிரிட்ஜோவ் நான்சன் என்னும் பெரியார் பட்டினியால் வாடியோருக்கு உணவு திரட்டினார். அத்தோடு அவர் நிற்கவில்லை. நாடிழந்து ஐரோப்பாவெங்கும் சிதறிய ரஷ்ய அகதிகளுக்கு, 1922ஆம் ஆண்டில், எல்லை கடந்து செல்லத்தக்க ஓர் அத்தாட்சிப் பத்திரத்தை ஏற்படுத்தினார். ‘நான்சன் கடவுச்சீட்டு’ என்று உலகம் அதனை அழைத்தது. அப்பமும் பத்திரமும் ஒருங்கே வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக 1998ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் வகுத்த வழிகாட்டு நெறிகளும், தொலைந்த பத்திரங்களை அதிகாரிகள் நியாயமற்ற நிபந்தனையின்றி வழங்க வேண்டும் என்று கூறுகின்றன.

இனி அந்தத் தகரப் பெட்டிக்கு வருவோம். போர் முடிந்த மறு ஆண்டு, அக்குடும்பத்து மகன் எங்கள் பாடசாலைக்கு வந்தார். முகாமிலிருந்து விடுபட்டிருந்தார். தம் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதற்குத் தம் அடையாள அட்டை வேண்டும். அதற்குத் தம் பிறப்புப் பத்திரம் வேண்டும். பழைய சேர்வு இடாப்பைப் புரட்டினோம். பழுப்பேறிய ஒரு தாளில் அவருடைய பெயரும், தந்தையார் பெயரும், பிறந்த தேதியும், லயத்தின் இலக்கமும் இருந்தன. அவ்வரியின் பிரதியை உறுதிப்படுத்திக் கொடுத்தேன். அதனைக் கையில் வாங்கியதும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, அம்மா அன்னிக்குப் பானைய தூக்குனாங்க. பெட்டியையும் சேத்து தூக்கியிருக்கலாம்” என்றார்.

அன்பர்களே, இன்று மலைநாட்டவர் பிரஜைகள், வாக்காளர்கள். ஆயினும் லயத்திலே வாழும் பல குடும்பங்களுக்குத் தமக்கென ஒரு முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வருகின்றது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் சிலருக்குக் கிடைத்துள்ளன. காத்திருப்போர் தொகையே பெரிது. வன்னியில் மீளக்குடியேறிய மலைநாட்டாரிலும் காணியுறுதிக்காக அலைவோர் உண்டு. வெள்ளமோ மண்சரிவோ நேரும்போது நாம் அரிசியும் போர்வையும் அனுப்புகிறோம். நல்ல காரியந்தான். அதனோடு, அம்மக்களின் பத்திரங்கள் பத்திரமாக இருக்கின்றனவா, நிற்கும் நிலம் அவர்களுடையதா என்றும் விசாரிப்போம். தேயிலைத் தோட்டங்களிலும் வன்னியின் குடியேற்றங்களிலும் இம்மக்கள் பட்ட துன்பம் நம்மிடம் கோருவது அதுவேயாகும்.