தோளும் தலையும்

கண்ணாடி முன் நிற்கும் ஆணும் பெண்ணும் ஒரே விதமாகத் தங்களைப் பார்த்துக்கொள்வதில்லை. குடும்பஸ்தர்கள் எல்லாரும் அறிந்த விஷயம் இது. மனவியல் ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தன் உடம்பைப் பற்றிய குறை, சிறு வயது தொட்டு முதுமை வரை, பொதுவாக ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகமாம். வயது ஏறினாலும் அந்தக் குறை போய்விடுவதில்லை; அதைப் பெரிதாக எண்ணும் வழக்கம் மட்டும் தளர்கிறதாம்.

இந்த வேற்றுமை பிறவியோடு வந்தது என்பார் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. குமரி மாவட்டத்தின் பழைய கதையைப் படித்தவர்களுக்கு, உடம்பைப் பற்றிய வெட்கத்தையும் பெருமையையும் சர்க்காரே அளந்து கொடுத்த காலம் ஒன்று உண்டு என்பது தெரியும்.

மண்டைக்காடு இருக்கும் கல்குளம் தாலுகா 1949 வரை திருவிதாங்கூரையும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியையும் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே நாடார் முதலிய சாதியாருக்கு உடையிலும் எல்லை வகுத்திருந்தார்கள். இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்கவேண்டும். குடம் இடுப்பில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நடையில் ஓர் ஒய்யாரம் வந்துவிடும். அது தங்கள் வீட்டுப் பெண்களுக்கே உரியது என்று மேல்சாதிக்காரர்கள் நினைத்தார்கள் போலும்.

சட்டம் இருபாலாருக்கும் பொது. ஆனால் அது இருவரையும் ஒரே இடத்தில் சுடவில்லை.

கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1813-ல் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். பெண்களுக்கு அது போதவில்லை. குப்பாயத்தின் மேலே தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். 1822-ல் கல்குளம் பகுதியில் கலகம் மூண்டது. நடுச் சந்தையில் பெண்களின் ரவிக்கையைக் கிழித்தார்கள். 1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு, ரவிக்கைக்கு அனுமதி தந்து, தோள்சீலையை மறுத்தது. முப்பது வருஷம் கழித்து மறுபடியும் கலகம். சென்னை கவர்னர் டிரெவெலியன் தலையிட்ட பிறகு, 1859 ஜூலை 26-ந் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் ஒரு விளம்பரம் வெளியிட்டார். திவானாக இருந்தவர் மாதவராவ்.

அந்த விளம்பரத்தை நிதானமாகப் படிக்கவேண்டும். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம். முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணி கட்டலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது! மண்டைக்காட்டுக் கடற்கரையிலும் காணக்கூடிய மீனவப் பெண்ணின் சேலைக்கட்டு இப்படி ராஜாங்கக் காகிதத்தில் இடம் பெற்றது. மூடிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. யாரைப் போல இருக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை மட்டும் சர்க்கார் விடவில்லை.

ஆண்கள் கதை வேறு. அவர்களுக்குத் திறந்த மார்பு ஒரு குறையாகத் தோன்றவில்லை; இன்றும் இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஆண்கள் உள்ளே போகிறார்கள். அவர்களுக்கு மானம் இருந்த இடம் தலை. மேலாளைக் கண்டால் தலைத்துணியை அவிழ்க்க வேண்டியிருந்தவன் ஆண்பிள்ளை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) அதைச் சரியாகக் கண்டுகொண்டார். தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். இன்றும் அங்கே ஆண்கள் வெற்று மார்போடும் தலைப்பாகையோடும் வழிபடுகிறார்கள். பள்ளியறையில் இருப்பது விக்கிரகம் அல்ல, ஒரு கண்ணாடி. கும்பிட வந்தவன் கட்டிய தலையோடு தன்னையே அங்கே காண்கிறான்.

பெண்ணுக்குள்ளேயும் வயதுக்கு வயது வேற்றுமை உண்டு. பிற்காலத்தில் திருவிதாங்கூர்–கொச்சியின் முதல் மந்திரியாக இருந்த சி. கேசவன், ‘ஜீவித சமரம்’ என்ற தம் சுயசரிதையில் மாமியார் சொன்ன ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் இளம் பெண்ணாக இருந்தபோது யாரோ ரவிக்கை கொடுத்தார்களாம். போட்டுப் பார்த்தால் அழகாயிருந்தது. பெற்ற தாயோ பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். மகள் அதற்குப் பயந்து இரவில் மட்டும் அணிந்துகொண்டாள். தாய் கொடுமைக்காரி அல்ல. மூடாத உடம்போடு மானமாக வாழ்ந்து முடித்தவள். மகளுக்கு வந்த கூச்சம் அவளுக்குப் புரியவில்லை. தாய்க்கு அடக்கமாக இருந்தது மகளுக்கு அவமானமாகிவிட்டது. இடையே மாறியது உடம்பா? பார்க்கிற கண் அல்லவா மாறிற்று!

மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு வரும் பெண்களைப் பார்க்கும்போது இந்த நினைவெல்லாம் எனக்கு வருவதுண்டு. இருமுடி சுமந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் என்று பெண்ணின் வயதைக் கணக்குப் பார்த்த சபரிமலை வழக்கம் 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போயிற்று. இங்கே வயதை யாரும் கேட்பதில்லை. பாவாடைச் சிறுமியும், பிள்ளையை இடுக்கியவளும், கூன் விழுந்த கிழவியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தலைவலி தீரவேண்டும் என்று மண்டையப்பம் நேர்கிறார்கள். அவர்கள் கும்பிடும் பகவதியின் திருமேனி வளர்ந்து நிற்கும் ஒரு புற்று. இடையும் இல்லை, வயதும் இல்லை. அதை யாரும் அழகா என்று கேட்டதில்லை.

வரிசையில் நின்ற அத்தனை பேர் தோளிலும் சேலைத் தலைப்புக் கிடந்தது. காற்றில் நழுவியபோது, எதையும் நினையாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.